கட்டினவள்

"கட்டிக் குடுத்தாச்சு டீச்சர். இனிம எங்க படிக்க?"

முதுகலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி மூன்று வாரமாக வகுப்புக்கு வரவில்லை என்று அவள் வீட்டுக்குப் போன் செய்தபோது அம்மா சொன்ன பதில் இது. குரலில் வருத்தமும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை. வேலை ஒன்று முடிந்த களைப்பு மட்டும் இருந்தது. பின்னணியில் பீடி இலை வெட்டும் கத்தரிச் சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. "அக்கா, இன்னும் ஒரு பரீட்சைதானே பாக்கி?" என்றேன். "அது அவ மாமியா வீட்டுல சொன்னாத்தான் டீச்சர்" என்று போனை வைத்துவிட்டார்.

கட்டிக் குடுத்தாச்சு. தென்காசியில் ஒரு பெண்ணின் படிப்பை முடித்துவைக்க இந்த ஒரு தொடர் போதும். தாலி கட்டும் வீட்டிலும் கருகமணி கட்டும் வீட்டிலும் இதே தொடர்தான். அந்த மாணவியின் இருக்கை காலியாகக் கிடந்த நாள்களில் அந்தத் தொடரையே நினைத்துக்கொண்டிருந்தேன். தமிழ் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவளுக்கு வேறென்ன தெரியும்? வினைச்சொல் வந்தால் எழுவாய் யார், செயப்படுபொருள் எது என்று தேடுவேன். கட்டியது யார்? பெற்றவர்கள். கொடுத்தது யார்? அவர்களே. யாருக்குக் கொடுத்தார்கள்? மாப்பிள்ளை வீட்டுக்கு. எதைக் கட்டிக் கொடுத்தார்கள்? அந்த "எதை"யில்தான் என் மாணவி இருக்கிறாள்.

இதே தொடரை நாம் தினமும் காலையில் இன்னொரு பொருளில் சொல்கிறோம். "பிள்ளைக்குச் சோறு கட்டிக் குடுத்தாச்சா?" ஒரு தாய் பதினைந்து வருஷம் மகளுக்குச் சோறு கட்டிக் கொடுக்கிறாள். பிறகு ஒருநாள் மகளையே கட்டிக் கொடுத்துவிடுகிறாள். இரண்டுக்கும் தமிழில் ஒரே வினை. தற்செயல் என்று சிலர் சொல்லக்கூடும். நான் அப்படி நினைக்கவில்லை.

கட்டு என்பது தமிழின் பழைய சொற்களில் ஒன்று. கன்னடத்திலும் தெலுங்கிலும் அது கட்டுதான். ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டினால் மலையாளத்தில் கெட்டு. கயிறு, நூல், நார், கொடி, கையில் அகப்பட்டது எதுவானாலும் அதைச் சுற்றி இறுக்கிப் பிரியாமல் நிறுத்துவது அதன் முதல் பொருள். அதிலிருந்து எத்தனை கிளைகள்! பூ கட்டுகிறோம், தொட்டில் கட்டுகிறோம், சேலை கட்டுகிறோம். புண்ணுக்குக் கட்டுப் போடுகிறோம். வீடு கட்டுகிறோம், பணம் கட்டுகிறோம். கல்லைச் சேர்த்தால் கட்டடம், பணம் செலுத்தினால் கட்டணம், ஆணை பிறந்தால் கட்டளை, பேச்சைக் கோத்தால் கட்டுரை. விலை ஒத்துவராவிட்டால் "கட்டுப்படி ஆகாது". அன்பு வந்தால் கட்டிப்பிடிக்கிறோம்.

இந்தப் பட்டியலில் உள்ள வேலைகளைச் செய்யும் கைகள் யாருடையவை? பூ, தொட்டில், சேலை, சோற்றுப்பொட்டலம், புல்லுக்கட்டு, விறகுக்கட்டு. தென்காசி, ஆலங்குளம், கடையநல்லூர், கடையம் பக்கமெல்லாம் இவற்றோடு பீடிக்கட்டும் சேரும். மடியில் தட்டை வைத்து, அளவாக வெட்டிய இலையில் தூளைப் பரப்பிச் சுருட்டி, முனையை மடக்கி, நூலைச் சுற்றி இறுக்க வேண்டும். எங்கள் பக்கம் 25 பீடி ஒரு கட்டு. 40 கட்டு சேர்ந்தால் ஆயிரம். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. ஒரு நாளில் ஆயிரம் தடவை முடிச்சிடும் ஒரு கையை நினைத்துப் பாருங்கள். கட்டு என்ற வினைக்கு அந்தக் கையைவிடப் பொருத்தமான எழுவாய் தமிழ்நாட்டில் எங்கே கிடைக்கும்?

ஆனால் அந்தக் கைக்குச் சொந்தக்காரியைக் "கட்டினவள்" என்று சொன்னால், ஒருவன் தாலி கட்டிய பெண் என்றுதான் அர்த்தம் வருகிறது.

இங்கே இலக்கணத்துக்குள் ஒரு நிமிஷம் போய்த்தான் ஆக வேண்டும். மாணவிகள் பயப்பட வேண்டாம். நம் ஊரில் "கட்டின புருஷன்" என்கிறோம், "கட்டின பொண்டாட்டி" என்கிறோம். "கட்டின" என்பது பெயரெச்சம். பெயரெச்சம் ஆறு வகைப் பெயர்களைக் கொண்டு முடியும் என்கிறது நன்னூல்: செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள். கட்டின கயிறு என்றால் கருவி, கட்டின மண்டபம் என்றால் நிலம், கட்டின நாள் என்றால் காலம். அப்படியானால் கட்டின புருஷன்? செய்பவன். கட்டின பொண்டாட்டி? செயப்படுபொருள். "கட்டின" என்ற வடிவத்தில் இந்த வேறுபாடு எங்கும் இல்லை. யார் கட்டினார், யார் கட்டப்பட்டார் என்று அந்தச் சொல் சொல்வதே இல்லை. நாம்தான் கேட்ட மாத்திரத்தில் ஆணைச் செய்பவன் இடத்திலும் பெண்ணைச் செயப்படுபொருள் இடத்திலும் உட்கார வைத்துவிடுகிறோம். வகுப்பில் பெயரெச்சத்துக்கு வழக்கமாகச் சொல்லும் எடுத்துக்காட்டுகள் "உண்ட சாத்தன்", "உண்ட சோறு". இரண்டிலும் "உண்ட" ஒன்றுதான். கல்யாணத்தில் அவன் சாத்தன், அவள் சோறு.

"கட்டினவள்" இன்னும் விசித்திரமானது. அது வினையாலணையும் பெயர். வந்தவள் என்றால் வருகையைச் செய்தவள். பாடினவள் என்றால் பாட்டைப் பாடியவள். அதே கணக்கில் கட்டினவள் என்றால் கட்டும் வேலையைச் செய்தவள் என்றுதானே வர வேண்டும்? மனைவி என்ற பொருளில் மட்டும் சமூகம் குறுக்கே வந்து சொல்லைத் திருப்பிவிடுகிறது. மலையாளத்தில் கணவன் கெட்டியோன், மனைவி கெட்டியோள். அங்கும் வடிவம் இருவருக்கும் ஒன்று, கயிறு ஒருவர் கையில். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்தது. அன்று எல்லைக்கோடு இடம் மாறியது. இந்தச் சொல் இரண்டு பக்கமும் மாறாமல் இருந்தது.

அந்தக் கயிற்றைக் கட்டுவது யார் என்பதையும் உற்றுப் பாருங்கள். பல வீடுகளில் மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போடுவார். மற்ற இரண்டையும் பின்னால் நிற்கும் நாத்தனார் போடுவாள். மூன்றில் இரண்டு முடிச்சு ஒரு பெண்ணின் கையால் விழுகிறது. கட்டினவன் என்ற பெயர் அவனுக்கு.

ஒரு மகளிர் தின விழா மேடையில் சிறப்பு விருந்தினர் ஒருவர் பேசியது இன்னும் என் காதில் இருக்கிறது. "கட்டு என்பது காப்பு. கட்டுக்குள் நிற்கும் தண்ணீர்தான் வயலுக்குப் பாயும். கட்டுப்படாத தண்ணீர் ஊரை அழிக்கும். பெண்ணும் அப்படித்தான்" என்றார். மாணவிகள் கை தட்டினார்கள். நானும் மேடையில் இருந்தேன், வாய் திறக்கவில்லை. அன்று சொல்லாததை இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஐயா, நீங்கள் நின்று பேசியது குற்றாலத்துக்குப் பக்கத்தில். கட்டுப்படாமல் விழுகிற தண்ணீரைப் பார்க்கத்தான் சாரல் காலத்தில் ஊர் ஊராக வண்டி எடுத்து வருகிறார்கள். அது கிடக்கட்டும், உங்கள் உவமைக்கே வருகிறேன். இந்தப் பக்கத்துக் குளங்களில் எதையாவது கரையேறிப் பார்த்திருக்கிறீர்களா? குளம் கட்டினவர்கள் உங்களைவிட விவரமானவர்கள். கரை கட்டினால் மடை வைப்பார்கள், மறுகாலும் வைப்பார்கள். நிறைந்த தண்ணீர் தானாக வழிந்து போக வழியில்லாத குளம் முதல் பெருமழைக்கே உடையும் என்று அவர்களுக்குத் தெரியும். மறுகால் இல்லாத குளத்தை எங்கள் ஊரில் யாரும் கட்டமாட்டார்கள். மறுகால் இல்லாத கல்யாணத்தை மட்டும் கட்டுகிறார்கள். வெளியே போக வழி வைக்காமல் கட்டிவிட்டு, உடைந்த பிறகு "பொண்ணு சரியில்லை" என்கிறார்கள். கரை உடைந்தால் தண்ணீரைக் குற்றம் சொல்லும் விவசாயியை நான் பார்த்ததில்லை.

"இது நம் ஆதிப் பண்பாடு, தாலி சங்க காலத்திலிருந்தே இருக்கிறது" என்று அடுத்த வாதம் வரும். வரட்டும். அகநானூற்றில் 86, 136 ஆகிய இரண்டு பாட்டுகளும் கல்யாணத்தை விரிவாகச் சொல்கின்றன. 86-இல் பிள்ளை பெற்ற பெண்கள் நால்வர் சேர்ந்து மணமகளை நீராட்டி வாழ்த்துகிறார்கள். தாலி இல்லை. 136-இல் ஒரு வெண்ணூல் வருகிறது. ஆனால் அங்கே உள்ள வினை சூட்டுதல். மணமகன் அதை அவள் கழுத்தில் கட்டினான் என்று பாட்டு சொல்லவில்லை. தாலி என்ற சொல் சங்கப் பாட்டில் இல்லாமல் இல்லை, இருக்கிறது. புறநானூற்றின் 77-ஆம் பாட்டில் அதைப் போட்டிருப்பவர் யார் தெரியுமா? பாண்டியன் நெடுஞ்செழியன். சிறுவயதில் போருக்குப் போன அவன், குழந்தைக்குக் காப்பாகப் போட்ட தாலியைக்கூட இன்னும் கழற்றவில்லை என்று புலவர் வியக்கிறார். தாலி அன்று குழந்தையின் கழுத்தில் கிடந்த காப்பு. ஆண்பிள்ளை வளர்ந்ததும் அதைக் கழற்றினான். பிற்காலத்தில் பெண்பிள்ளைக்கு வளர்ந்ததும் அது ஏறிற்று. ஒருவேளை பெண் வளர்வதே இல்லை என்று முடிவுகட்டிவிட்டார்களோ என்னவோ. தாலியைப் பற்றி ஆய்ந்து எழுதிய பாளையங்கோட்டைக்காரர் தொ. பரமசிவன், அதன் வரலாற்றைக் கேள்வி கேட்பது தமிழுக்கு எதிரானது அல்ல என்று நம் தலைமுறைக்குக் காட்டிவிட்டுப் போனார்.

பழமைதான் வேண்டுமென்றால் என்னிடமும் ஒரு பழமை இருக்கிறது. கட்டு என்பது ஒரு காலத்தில் பெண்ணின் தொழில், பெண்ணின் அறிவு. தொல்காப்பியக் களவியல் கட்டையும் கழங்கையும் சேர்த்துச் சொல்கிறது. இரண்டும் குறி பார்க்கும் முறைகள். சுளகில் நெல்லைப் பரப்பிக் குறி சொல்கிறவளுக்குக் கட்டுவிச்சி என்று பெயர். மகள் மெலிந்து போனால் தாய் அவளைத்தான் அழைத்துக் கேட்பாள். திருமங்கையாழ்வாரின் சிறிய திருமடலிலும் அவள் சுளகோடு வருகிறாள். மகளின் மனசில் யாரோ இருக்கிறான் என்பதைத் தாயின் முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய அதிகாரம் அவளுக்கு இருந்தது. இந்தக் காலத்துத் தாய்க்கு அப்படியொருத்தி இல்லை. தரகர் இருக்கிறார், ஜோசியர் இருக்கிறார். மகளிடம் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தெரிந்தவர் இல்லை.

கட்டுவிச்சியின் பேத்தி குற்றாலத்தில் இருக்கிறாள். தென்காசிக்குப் பக்கத்தில் மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் வரும் சிங்கிதான் அவள். குறத்தியை வேடிக்கை பார்க்கும் கண் அந்த நூலில் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் ஒரு காட்சியை மாணவிகளுக்கு நான் ஒவ்வொரு வருஷமும் நிறுத்திப் படித்துக் காட்டுவேன். குறி சொல்லிப் பல ஊர் சுற்றிவந்த சிங்கியை அவள் புருஷன் சிங்கன் கண்டுபிடிக்கிறான். அவள் உடம்பு நிறைய நகை. காலில் இது என்ன, கையில் அது என்ன என்று சந்தேகத்தோடு துருவித் துருவிக் கேட்கிறான். அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறாள். குறி சொல்லிப் பெற்ற பரிசு. எல்லாம் அவள் சம்பாத்தியம். அவள் உடம்பில் இருக்கும் அந்த நகைகளில் எதையும் அவன் பூட்டவில்லை, அவன் கட்டவில்லை. அவன் தொழில் பறவைக்குக் கண்ணி வைப்பது. அவள் தொழில் வாயில் இருக்கிறது.

அந்தச் சுளகுக்கும் எங்கள் அம்மாக்களின் மடியில் இருக்கும் பீடித் தட்டுக்கும் தூரம் அதிகமில்லை. இரண்டும் பெண்ணின் மடியில் சோறு போடும் கருவி. ஆனால் சிங்கி நகையாகக் காட்டினாள். பீடி சுற்றும் பெண்ணின் சம்பாத்தியம் எங்கே போகிறது? வீட்டுச் செலவுக்கு, தம்பி படிப்புக்கு, தன் கல்யாணத்துக்கே நகை சேர்க்க. பெண் பார்க்க வருகிறவர்கள் "பொண்ணு பீடி சுத்துமா?" என்று கேட்டதை என் காதால் கேட்டிருக்கிறேன். தட்டும் அவளோடு சேர்த்தே கட்டிக் கொடுக்கப்படுகிறது. 1966-இல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் இருந்தபடி பீடி சுற்றுகிறவளையும் தொழிலாளி என்றது. வீடு இன்னும் அப்படிச் சொல்லவில்லை. "சும்மா வீட்டுல இருக்கா, பீடி சுத்துறா" என்கிறது. அவள் கட்டின கட்டுகளில் எழும்பிய வீட்டுக்கும் "அவர் கட்டின வீடு" என்றுதான் பேர்.

சட்டங்களைச் சொன்னதால் இன்னும் இரண்டைச் சொல்கிறேன். மாணவிகள் குறித்துக்கொள்ளுங்கள். 1967-இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது இந்து திருமணச் சட்டத்தில் 7அ என்ற பிரிவைத் தமிழ்நாடு சேர்த்தது. உறவினரோ நண்பரோ சாட்சியாக இருக்க, இருவரும் ஒருவரையொருவர் கணவனாக, மனைவியாக ஏற்கிறோம் என்று சொன்னாலே கல்யாணம். அல்லது மாலையோ மோதிரமோ மாற்றிக்கொள்ளலாம். அல்லது தாலி கட்டலாம். அந்தப் பிரிவில் எனக்கு மிகப் பிடித்த சொல் "அல்லது". அது வந்த பிறகு தாலி பல வழிகளில் ஒன்று. அரை நூற்றாண்டு தாண்டியும் நம் வீடுகள் அந்த "அல்லது"வைப் படிக்கவில்லை.

இரண்டாவது, சொத்து. 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டில் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்புரிமை வந்தது. இந்தியாவுக்கே முன்னோடிகளில் ஒன்றான சட்டம். பெருமைப்படலாம். ஆனால் அதற்குள்ளும் ஒரு கட்டு இருந்தது. அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணமான மகள்களுக்கு உரிமை இல்லை. ஒரே வயிற்றில் பிறந்த அக்காவும் தங்கையும். முன்பே கட்டிக் கொடுக்கப்பட்டதால் அக்காவுக்கு இல்லை, கட்டாமல் இருந்ததால் தங்கைக்கு உண்டு. தாலிக் கயிறு நிலத்தின் எல்லைக் கயிறாகவும் ஆனது இப்படித்தான். 2005-இல் மத்திய சட்டம் திருத்தப்பட்டபோதுதான் கல்யாணமானவள், ஆகாதவள் என்ற பிரிவு போனது. 2020-இல் உச்ச நீதிமன்றம் அது பிறப்பால் வரும் உரிமை என்று இன்னும் தெளிவாகச் சொன்னது. ஆகவே ஒரு வினைச்சொல்லை நோண்டிக்கொண்டிருக்கிறாளே என்று யாரும் என்னைக் கேலி செய்ய வேண்டாம். எழுவாய் மாறினால் பட்டா மாறும்.

தாலியைக் கழற்றச் சொல்கிறாளா இவள் என்று கேட்பீர்கள். அது அவரவர் கழுத்து, அவரவர் முடிவு. கணவனை இழந்தும் அதைக் கழற்ற மறுத்த பெண்ணையும் எனக்குத் தெரியும், முதல் இரவே கழற்றிப் பெட்டியில் வைத்தவளையும் தெரியும். இருவரும் என் தோழிகள். கட்டு என்ற சொல்லையும் நான் கைவிடச் சொல்லவில்லை. அது நல்ல சொல். பிள்ளைக்குத் தொட்டில் கட்டும் சொல், முறிந்த எலும்பைச் சேர்க்கும் சொல், தோழியைக் கட்டிப்பிடிக்கும் சொல். நான் கேட்பது ஒன்றே ஒன்று. தினமும் ஆயிரம் முடிச்சிடும் பெண்ணுக்கு அந்த வினையின் எழுவாயாக நிற்கும் உரிமை தன் கல்யாணத்தில் மட்டும் ஏன் இல்லை? "கட்டிக்கிடுதேன்" என்று அவள் வாயால் சொல்லும் வரை யாரும் யாரையும் கட்டிக் கொடுக்கக் கூடாது. "கட்டிக்கிட மாட்டேன்" என்பதும் அதே வினைதான், எதிர்மறை வடிவம். அதுவும் இலக்கணத்தில் உண்டு.

தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாளுக்கு முந்தின நாள் மாலையில் அந்த மாணவி போன் செய்தாள். மெதுவாகப் பேசினாள். பக்கத்தில் யாரோ இருந்திருக்க வேண்டும்.

"மேடம், பரீட்சைக்குப் பணம் கட்டிட்டேன்."

"யார் கட்டினா? வீட்டிலயா?"

"இல்ல மேடம். நான்தான். இங்க வந்து சுத்துன பீடிக் காசு."

தேர்வு எழுத அவளை அனுப்புவார்களா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. போனை வைத்த பிறகு அவள் சொன்ன தொடரை ஒருமுறை மனசுக்குள் பிரித்துப் பார்த்தேன். எழுவாய், நான். பயனிலை, கட்டிட்டேன். அதில் எந்தக் குழப்பமும் இல்லை.

தேர்வு நாளன்று மாமியார் வீட்டு வாசலில் யாராவது அவளைத் தடுத்தால் நான் போய் நிற்பேன். இதைப் படிக்கும் உங்கள் தெருவிலும் இப்படியொருத்தி இருப்பாள். அந்த வாசலில் நீங்கள் போய் நில்லுங்கள்.